வெட்டை நோய்க் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும்? மரபணு ரிப்போர்ட்டைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், தாராபுரம், கோபி போன்ற ஊர்களில் லேப் வைத்திருப்பவர்களுக்கும், அரசு மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொனோரியாவைத்தான் நம் பக்கம் வெட்டை என்பார்கள். அந்தக் கிருமியின் மரபணுத் தொடர் கைக்கு வந்துவிட்டால், எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று அதை வைத்தே சொல்லிவிட முடியுமா?

மருந்துக்கு மருந்து பதில் மாறும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். அசித்ரோமைசினுக்கு முக்கால்வாசி சொல்லலாம். இன்று மிச்சமிருக்கும் ஒரே பெரிய மருந்தான செஃப்ட்ரியாக்சோனுக்கு, மரபணுவைப் பார்த்து "ஆபத்து" என்று சொல்லலாம். "பயமில்லை" என்று கையெழுத்துப் போட முடியாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், ரிப்போர்ட்டில் மரபணுப் பெயர்கள் எத்தனை வரிசையாக வந்தாலும் தடுமாற்றம் இருக்காது.

முதலில், நம் ஊரில் இது ஏன் கண்ணில் படுவதில்லை

"ஏனுங்க, ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க, சூடு புடிச்சாப்பல இருக்குது." மெடிக்கல் ஷாப்பில் நின்று கேட்டால் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இளநீர், மோர், வெந்தயத் தண்ணீர் எல்லாம் முடிந்த பிறகு இரண்டு மாத்திரை கேட்பார்கள். செஃபிக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்-1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு வேண்டும், கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதுகிற கடைகளும் உண்டு. எழுதாத கடைகளைப் பற்றி இங்கே விரிவாகப் பேசப்போவதில்லை.

அரசுப் பக்கம் போனால் பால்வினை நோய்களுக்கான சுரக்‌ஷா கிளினிக் இருக்கிறது. ஆண்குறியிலிருந்து சீழ் வந்தாலோ, கருப்பை வாயில் கசிவு இருந்தாலோ, சாம்பல் நிறக் கிட் கொடுப்பார்கள்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். அறிகுறியை வைத்தே மருந்து. வந்த அன்றைக்கே சிகிச்சை முடிந்துவிடுகிறது. ஆளை மறுநாள் தேட வேண்டியதில்லை. இந்த முறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்காததால், அது எந்த மருந்துக்கு எந்த அளவு இணங்குகிறது என்பது எங்கேயும் பதிவாவதில்லை. அறிகுறியே இல்லாத பெண்களும், தொண்டையில் கிருமி வைத்திருப்பவர்களும் இந்த வலையில் விழுவதே இல்லை.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், திருப்பூருக்குப் பிழைக்க வந்த வெளிமாநிலத்துப் பிள்ளைகள் ஆகியோர் தலையில் இந்த நோயைக் கட்டிவிடுவது இங்கே பழக்கம். லாரி ஓட்டுநர்களுக்கும் இடம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் தனி முகாம்கள் நடப்பதால், அங்கே சோதனை நடக்கிறது, அதனால் அங்கே தெரிகிறது. சோதிக்காத வீட்டில் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

படி 1: கிருமியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆல்பர்ட் நைசர் 1879-ல் சீழில் கண்டுபிடித்த கிருமி. அவர் பெயரிலேயே நைசீரியா கொனோரியே. கிராம் நெகட்டிவ், ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கும். மனிதரைத் தவிர வேறு உயிரில் இயற்கையாக வாழாது. மரபணுத் தொகுதி சுமார் 22 லட்சம் எழுத்துகள், பாக்டீரியாக்களில் சின்னதுதான்.

இதன் விசேஷம் அளவில் இல்லை. வெளியே கிடக்கும் டி.என்.ஏ-வை எந்த நேரமும் உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் இதற்கு இருக்கிறது. வேறு பல கிருமிகளுக்கு அந்தத் திறன் வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் மட்டும் வரும். இதற்கு எப்போதும் உண்டு. ஆனால் எதையும் இழுத்துவிடாது. ஜி-சி-சி-ஜி-டி-சி-டி-ஜி-ஏ-ஏ என்ற பத்து எழுத்து அடையாளம் இருக்கும் துண்டைத்தான் விரும்பி எடுக்கும். அந்த அடையாளம் அதன் சொந்த மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய இரண்டாயிரம் இடங்களில் இருக்கிறது. நம் தொண்டையில் தீங்கில்லாமல் குடியிருக்கும் மற்ற நைசீரியாக்களிடமும் அதே அடையாளமோ அதற்கு மிக நெருங்கியதோ இருக்கிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நீங்கள் சளிக்கும் காய்ச்சலுக்கும் தின்ற ஆன்டிபயாட்டிக்குகளை எல்லாம் தொண்டைக் குடிகள் பல வருடமாகப் பார்த்துப் பழகியிருக்கின்றன. அங்கே கொனோரியா வந்து சில வாரம் தங்கினால், அவை தேடிவைத்த மாற்றங்களைத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டு போகும். தொண்டையில் பெரும்பாலும் அறிகுறியும் இருக்காது, மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே வெட்டைக் கிருமியின் மருந்து எதிர்ப்பைப் படிக்கிறவர் தொண்டையை மறக்கக் கூடாது.

படி 2: மாதிரி எடுப்பது

இங்கே கோட்டை விட்டால் பின்னால் எத்தனை லட்சம் ரூபாய் இயந்திரம் இருந்தும் பயனில்லை.

பஞ்சு ஸ்வாப் வேண்டாம். பருத்தி ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது விநோதமாகத்தான் இருக்கும். பஞ்சில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் இந்தக் கிருமியைக் கொல்லும். டாக்ரான் அல்லது ரேயான் ஸ்வாப் வாங்குங்கள். ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரம், பெண்களுக்குக் கருப்பை வாய்; தேவைக்கேற்பத் தொண்டையும் குதமும். மருந்து கொடுத்தும் தீராதவர் வந்தால் தொண்டை ஸ்வாபைக் கட்டாயம் எடுங்கள்.

எடுத்தவுடன், நோயாளி பக்கத்திலேயே பிளேட்டில் தேய்ப்பதுதான் உத்தமம். முடியாவிட்டால் கரி கலந்த ஏமிஸ் ஊடகத்தில் போட்டு, அன்றைக்கே லேபுக்கு அனுப்ப வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டியிலும் வைக்கக் கூடாது. ரத்த மாதிரி எடுத்துப் பழகிய கை தானாகவே ஐஸ் பெட்டியைத் தேடும், கவனமாக இருங்கள். சித்திரை வெயிலில் பஸ் கூரைக்குக் கீழே கிடந்தாலும் சாகும். அறை வெப்பநிலை, நிழல், வேகம், இவ்வளவுதான்.

பிசிஆர் சோதனைக்கு என்று தனி ஊடகத்தில் எடுத்தால் கிருமி செத்துவிடும், டி.என்.ஏ மட்டும் மிஞ்சும். நோய் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். மருந்து எவ்வளவு போட்டால் அடங்கும் என்று பார்க்க உயிருள்ள கிருமி வேண்டும். இரண்டு ஸ்வாப் எடுத்துவிடுவது நல்லது.

படி 3: வளர்த்தல், எம்ஐசி பார்த்தல்

திருத்தப்பட்ட தாயர்-மார்ட்டின் பிளேட்: வான்கோமைசின், கோலிஸ்டின், நிஸ்டாடின், டிரைமெத்தோபிரிம் கலந்திருப்பதால் மற்றவை அடங்கி இது மட்டும் வளரும். கூடவே ஒரு சாக்லேட் அகார் (சூடாக்கிய ரத்தம் கலந்த ஊடகம்). 35 முதல் 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லாத இடத்தில் அந்த வாயுவுக்கு மெழுகுவர்த்தி ஜாடி போதும். வெள்ளை மெழுகுவர்த்தி மட்டும், வாசனை போட்டது வேண்டாம். ஆக்சிடேஸ் பாசிட்டிவ், குளுக்கோஸை மட்டும் அமிலமாக்கும் என்றால் ஏறக்குறைய இதுதான். தொண்டையிலிருந்து வந்ததை இன்னொரு முறையாலும் உறுதி செய்யுங்கள்.

எம்ஐசி என்பது கிருமி வளர்வதை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு. மருந்து படிப்படியாகக் கூடும் ஈ-டெஸ்ட் பட்டையில் பார்க்கலாம், பிளேட்டுக்குப் பிளேட் மருந்தின் அளவை மாற்றிப் பார்க்கும் அகார் டைல்யூஷனிலும் பார்க்கலாம். இங்கே ஒரு குழப்பம் வரும். ஐரோப்பியரின் யூகாஸ்ட் கணக்கில் செஃப்ட்ரியாக்சோன் எம்ஐசி லிட்டருக்கு 0.125 மில்லிகிராமைத் தாண்டினால் எதிர்ப்பு. அமெரிக்கரின் சிஎல்எஸ்ஐ கணக்கில் 0.25 வரை மருந்துக்கு இணங்குவது. ஆக 0.25 என்று வந்த ஒரே கிருமி ஒரு கணக்கில் தேறும், இன்னொன்றில் தோற்கும். எந்தக் கணக்கு என்று ரிப்போர்ட்டில் எழுதாமல் 'எஸ்' (இணங்கும்), 'ஆர்' (எதிர்க்கும்) மட்டும் போடுகிற லேபை நம்பாதீர்கள். இன்னொன்று: எம்ஐசி இரட்டிப்பு அளவில் ஏறுவது, ஒரு படி மேலே கீழே வருவது சோதனையின் இயல்பான தள்ளாட்டம். 0.06-க்கும் 0.125-க்கும் நடுவில் கதை கட்டக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கோள் கிருமிகள் எழுத்துப் பெயரில் உண்டு. எக்ஸ், ஒய், இசட் எல்லாம் செஃப்ட்ரியாக்சோனை எதிர்ப்பவை. அவற்றின் எம்ஐசி, முழு மரபணுத் தொடர் இரண்டும் வெளியாகியிருக்கின்றன. உங்கள் சோதனை சரியா என்று பார்க்க அவைதான் அளவுகோல். இந்தியாவில் இந்தக் கிருமிக்கான கண்காணிப்பின் தலைமை மையம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது; நம் மாநிலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோய் நிறுவனம் பழம்பெரும் இடம். வளர்ந்த கிருமியை 20 சதவீதம் கிளிசரால் கலந்த குழம்பில் மைனஸ் 70-ல் வைத்தால், அனுப்ப வேண்டிய நாளில் அனுப்பலாம்.

படி 4: டி.என்.ஏ எடுத்து வாசித்தல்

முழுத் தொடர் வாசிக்கக் காசில்லை என்றால் ஒதுங்கிவிட வேண்டாம். மருந்து பிடிக்கும் இடங்களின் மரபணுக்களான ஜைர்-ஏ (படி 6), பென்-ஏ (படி 9) இரண்டையும் பிசிஆர் செய்து, எழுத்து எழுத்தாக வாசிக்கும் சாங்கர் முறைக்கு வெளி லேபுக்கு அனுப்பினாலே முக்கால் செய்தி வந்துவிடும். முழுத் தொடருக்கு இல்லுமினா போன்ற குட்டித் துண்டு முறை எழுத்துப் பிழை குறைந்தது; நானோபோரின் நீளத் துண்டு பிளாஸ்மிட்டை (முக்கியத் தொகுதிக்கு வெளியே இருக்கும் குட்டி டி.என்.ஏ வளையம்) தனியாகக் காட்டும். வாசித்ததை பப்எம்எல்எஸ்டி, பேத்தோஜன்வாட்ச் தளங்களில் ஏற்றினால் அவையே மரபணு வகைகளைப் பட்டியலிட்டுக் கொடுக்கும். கொடுப்பதை அப்படியே அச்சடிக்கிற வழக்கத்தைத்தான் அடுத்த படிகளில் உடைக்கப் பார்க்கிறேன்.

ஸ்வாபிலிருந்து நேராக, வளர்க்காமல், பிசிஆர் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொண்டை மாதிரியில் மற்ற நைசீரியாக்களின் ஜைர்-ஏ, பென்-ஏ துண்டுகளும் சேர்ந்து பெருகும். கொனோரியாவுக்கு மட்டும் பொருந்தும் பிரைமர் (பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் குட்டி டி.என்.ஏ) இல்லாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரனின் மரபணுவைப் படித்து இவனுக்குத் தீர்ப்பெழுதிவிடுவீர்கள்.

படி 5: பிளாஸ்மிட்டை முதலில் பாருங்கள்

இது சுலபமான பகுதி. பெனிசிலின் வந்த புதிதில், 1940-களில், ஒன்றிரண்டு லட்சம் யூனிட்டில் வெட்டை தீர்ந்தது. 1970-களில் அதே மருந்து 48 லட்சம் யூனிட், கூடவே புரோபெனெசிட். 1976-ல் பெனிசிலினையே வெட்டிப்போடும் நொதியோடு கிருமிகள் வந்து சேர்ந்தன. அந்த நொதியின் மரபணு பிளா-டெம், பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஏழாயிரத்து நானூறு எழுத்துச் சொச்சத்தில் ஆசிய வகை, ஐயாயிரத்து அறுநூறு எழுத்தில் ஆப்பிரிக்க வகை.

பிளா-டெம் இருந்தால் பெனிசிலின் செல்லாது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வகை டெம்-1 ஆ, டெம்-135 ஆ என்று மட்டும் பாருங்கள். டெம்-135 இன்னும் ஒரு மாற்றம் கண்டால் செஃப்ட்ரியாக்சோனையும் வெட்டக்கூடியதாகலாம் என்ற கவலை ஆராய்ச்சியாளர்களுக்கு இருக்கிறது. கொனோரியாவில் அது இன்னும் நடக்கவில்லை. டெட்-எம் மரபணு தாங்கிய இன்னொரு பிளாஸ்மிட் 1985-ல் தெரியவந்தது. அது இருந்தால் டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் இரண்டும் கழிந்தன. பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் நாம் வெட்டைக்குக் கொடுப்பதே இல்லை என்பதால் இதில் மேலும் நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 6: ஜைர்-ஏ, மரபணுவின் வாக்கு பலிக்கும் இடம்

சிப்ரோஃப்ளாக்சசின் பிடிக்கும் இடம் டி.என்.ஏ-வை முறுக்கிக் கொடுக்கும் ஜைரேஸ் நொதி. அதன் ஜைர்-ஏ மரபணு உண்டாக்கும் புரதத்தில் 91-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே ஃபீனைல்அலனின் வந்துவிட்டால் மருந்து பிடி தளரும். 95-ஆவது இடத்து அஸ்பார்டிக் அமிலமும் மாறியிருந்தால் இன்னும் மோசம். பார்-சி மரபணுவின் 86, 87, 91-ஆவது இடங்களில் மாற்றம் சேர்ந்தால் எம்ஐசி உயரே போய்விடும்.

இங்கே 91-ஆவது இடத்தைப் பார்த்தே முடிவு சொல்லலாம். செரின் இருந்தால் 500 மில்லிகிராம் சிப்ரோ ஒரே வேளை மாத்திரை வேலை செய்யும் என்று சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். செஃப்ட்ரியாக்சோன் ஊசியை மிச்சம் பிடிக்க வெளிநாட்டில் இதை வைத்தே சிகிச்சை முடிவு செய்யும் முறை உண்டு. அமெரிக்கர்கள் 2007-ல் இந்தக் குடும்ப மருந்துகளைப் பொதுச் சிகிச்சையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் கிடைக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு 91-ஆவது இடம் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் இந்த அருமையான சோதனை இங்கே காசுக்கு ஏற்ற பயன் தராது என்பது என் அபிப்பிராயம்.

விநோதம் என்னவென்றால், சிப்ரோவை நிறுத்திப் பல வருடமாகியும் இந்த மாற்றம் கரைந்து போகவில்லை. எலிகளில் செய்த சோதனையில், ஜைர்-ஏ மாறிய கிருமி மருந்தே இல்லாதபோதும் மாறாததை முந்தியது. மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு தானாகப் போய்விடும் என்று பாடத்தில் படித்ததை இங்கே கொண்டு வராதீர்கள்.

படி 7: எம்டிஆர், போர்-பி என்ற ஜோடி

எம்டிஆர்-சிடிஇ என்பது மருந்தை வெளியே தள்ளும் பம்பு. அதை அடக்கி வைப்பது எம்டிஆர்-ஆர் புரதம். அதன் முன்னால் உள்ள பதின்மூன்று எழுத்துத் தலைகீழ்த் தொடரில் ஒரு 'ஏ' விழுந்துவிட்டாலும், எம்டிஆர்-ஆரின் 39, 45-ஆவது இடங்கள் மாறினாலும், அடக்குமுறை தளர்ந்து பம்பு கூடுதலாக ஓடும். மெனிஞ்சைட்டிஸ் கிருமியிடமிருந்தும் தொண்டைக் குடிகளிடமிருந்தும் இந்தப் பகுதியை மொத்தமாக வாங்கிய கிருமிகளும் உண்டு. அவற்றில் அசித்ரோமைசின் எம்ஐசி நன்றாக ஏறியிருக்கும்.

இந்தப் பம்பு மருந்துக்காக உண்டானது அல்ல. உடம்பில் இருக்கும் கொழுப்பு அமிலம், பித்த உப்பு, நம் வெள்ளணுக்கள் விடும் புரதத் துண்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளத்தான். ஆகவே குதம் போன்ற இடத்தில் பம்பு அதிகம் உள்ள கிருமிக்கு மருந்தில்லாமலேயே ஆதாயம் உண்டு.

போர்-பி என்பது வெளிச்சவ்வில் உள்ள துவாரப் புரதம். அதன் 120, 121-ஆவது இடங்கள் மாறினால் மருந்து உள்ளே வருவது குறையும். ஆனால் பம்பு ஏற்கெனவே கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த மாற்றத்தின் பலன் தெரியும். போர்-பி மாற்றம் தனியாக வந்தால் எம்ஐசியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆக, 'போர்-பி மாற்றம்: உண்டு' என்ற ஒற்றை வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். பக்கத்து வரியில் எம்டிஆர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படி 8: 23எஸ், நாலு பிரதிகளின் கணக்கு

கிருமி புரதம் கட்டும் ரைபோசோமில் அசித்ரோமைசின் ஒட்டும் இடம் 23எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. இந்தக் கிருமியிடம் அந்த மரபணு நாலு பிரதி இருக்கிறது. 2059-ஆவது இடத்தில் 'ஏ' போய் 'ஜி' வந்தால் எம்ஐசி 256-ஐத் தொடும். 2611-ல் 'சி' போய் 'டி' வந்தால் நடுத்தர எதிர்ப்பு.

இந்த எண்கள் ஈ.கோலை என்ற குடல் கிருமியின் மரபணுவை வைத்து எண்ணும் கணக்கு. கொனோரியாவின் சொந்தக் கணக்கில் இவை 2045, 2597. ஒரு கட்டுரை ஒன்றையும் மென்பொருள் இன்னொன்றையும் எழுதும். இரண்டையும் வேறு வேறு மாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்த சிக்கல் பெரிது. குட்டித் துண்டுகளை ஒட்டும்போது நாலு பிரதியும் ஒன்றாக நசுங்கிவிடும். நாலில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், மென்பொருள் பெரும்பான்மையைப் பார்த்து 'மாற்றம் இல்லை' என்று எழுதும். அதனால் முடிவைப் பார்க்காமல், அந்த இடத்தில் விழுந்த துண்டுகளில் எத்தனை சதவீதம் மாறியவை என்று பாருங்கள். கால்வாசி என்றால் ஒரு பிரதி, பாதி என்றால் இரண்டு. ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருக்கும்போது எம்ஐசி சாதாரணமாகக்கூட இருக்கும். ஆனால் அந்தக் கிருமி அசித்ரோமைசினைச் சந்தித்தால், மாறிய பிரதி மற்ற மூன்றின் மேலும் தன்னைப் பதித்துக்கொள்ள முடியும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2014 முதல் பரவிய உயர் எதிர்ப்புக் கிருமியிடம் இருந்தது இந்த 2059 மாற்றம்தான்.

சளிக்கு, தொண்டை வலிக்கு, நாள் ஒன்றுக்கு ஒரு மாத்திரை என்று அசித்ரோமைசினை மூன்று நாள் வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

படி 9: பென்-ஏ, நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

செஃபிக்சிமும் செஃப்ட்ரியாக்சோனும் பிடிக்கும் புரதம் பிபிபி-2. செல் சுவரைக் கட்டும் வேலை அதற்கு. அதன் மரபணு பென்-ஏ, சுமார் 1,750 எழுத்துகள். பழைய பெனிசிலின் எதிர்ப்பில் 345-ஆவது இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அஸ்பார்டிக் அமிலம் கூடுதலாகச் செருகியிருக்கும். அது இருந்தாலும் செஃப்ட்ரியாக்சோன் கேட்கும்.

செஃபலோஸ்போரினை எதிர்ப்பவற்றில் பெரும்பாலும் இருப்பது மொசைக் பென்-ஏ. பவானி ஜமக்காளத்தில் ஒரே தறியில் ஊடை நூல் மாறி மாறிப் பட்டை பட்டையாக நிறம் விழுவதுபோல், இந்த மரபணுவில் ஒரு பட்டை கொனோரியாவுடையது, அடுத்தது தொண்டையில் வாழும் வேறொரு நைசீரியாவுடையது. சாதாரண பென்-ஏவோடு ஒப்பிட்டால் ஐம்பது, அறுபது அமினோ அமிலங்கள்கூட வேறுபடும். அத்தனையும் முக்கியமில்லை. 34-ஆம் வகை மொசைக்கில் 312, 316, 545 ஆகிய இடங்களின் மாற்றங்கள் செஃபிக்சிமைத் தளர்த்துகின்றன. செஃப்ட்ரியாக்சோனுக்கு முழு எதிர்ப்பு வர அதற்கு மேலும் வேண்டும்: 311-ல் அலனின் போய் வேலின், 483-ல் திரியோனின் போய் செரின், அல்லது 501-ல் அலனின் போய் புரோலின்.

2009-ல் கியோட்டோவில் ஒருவரின் தொண்டையிலிருந்து எடுத்த எச்-041 கிருமியில் 311, 483 இரண்டும் இருந்தன. செஃப்ட்ரியாக்சோன் எம்ஐசி 2-ஐத் தொட்டது. 2010-ல் பிரான்ஸில் எஃப்-89, அதில் 501 புரோலின். உலகமே பயந்தது, ஆனால் எச்-041 பரவவில்லை. அதன் பென்-ஏ கிருமிக்கே பாரமாக இருந்தது. எலிகளில் வேறு மரபணு மாற்றம் ஒன்று சேர்ந்தபோதுதான் அந்தப் பாரம் குறைந்தது. பிறகு 2015-ல் ஜப்பானில் எஃப்சி-428 வந்தது. பென்-ஏ 60.001 என்ற மொசைக், 311-ம் 483-ம் இதிலும் உண்டு, எம்ஐசி 0.5 அளவில். எச்-041-ஐவிட எதிர்ப்பு குறைவுதான். ஆனால் இது நடமாடியது: 2017-ல் கனடா, டென்மார்க், ஆஸ்திரேலியா என்று தெரிந்தது. 2018-ல் இங்கிலாந்தில் ஒருவர் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கொண்டு வந்த கிருமி இதே பென்-ஏவோடு அசித்ரோமைசின் உயர் எதிர்ப்பையும் சேர்த்து வைத்திருந்தது. தொண்டையில் செஃப்ட்ரியாக்சோன் தோற்று, ஸ்பெக்டினோமைசினும் தோற்று, கடைசியில் எர்டாபெனெம் நரம்பு ஊசியில் தீர்ந்தது.

இப்போது வாசிப்பு முறை. பென்-ஏ 60.001 என்று வந்தால் அதே மணி நேரத்தில் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மொசைக் ஆனால் 311, 483, 501 மாறவில்லை என்றால் செஃபிக்சிமை நம்ப வேண்டாம், செஃப்ட்ரியாக்சோன் எம்ஐசியைப் பாருங்கள். மொசைக் இல்லை, ஆனால் 501-ல் வேலின் அல்லது திரியோனின் என்றால் எம்ஐசி கொஞ்சம் ஏறியிருக்கலாம், எம்டிஆரையும் போர்-பியையும் சேர்த்துப் படியுங்கள். பென்-ஏ முழுச் சுத்தம் என்றால்? அங்கேதான் கையெழுத்துப் போடக் கூடாது என்றேன். மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் நொதியின் மரபணுக்களில் மாற்றம் வந்து, பென்-ஏ மாறாமலேயே செஃப்ட்ரியாக்சோனைத் தாங்கிய கிருமிகளை ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். நமக்குத் தெரிந்த பட்டியலில் இல்லாத வழி கிருமிக்குக் கிடைத்திருந்தால், பட்டியலை வைத்துத் தேடும் மென்பொருள் அதைக் காணாது. பிளேட்டில் வைத்த பட்டை காணும்.

படி 10: சேர்த்துப் படித்தல்

என்ஜி-ஸ்டார் என்ற முறை பென்-ஏ, எம்டிஆர்-ஆர், போர்-பி, போன்-ஏ, ஜைர்-ஏ, பார்-சி, 23எஸ் ஆகிய ஏழையும் சேர்த்து ஒரு எண் கொடுக்கும். போன்-ஏவை நான் தனியாக எழுதாததற்குக் காரணம், அதன் 421-ஆவது இடத்து மாற்றம் பெனிசிலினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், மற்றபடி சிகிச்சை முடிவை அது மாற்றாது.

இப்படி ஒரு ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிளா-டெம் உண்டு, டெட்-எம் உண்டு, ஜைர்-ஏ 91-ம் 95-ம் மாறியவை, எம்டிஆர்-ஆர் 39 மாறியது, போர்-பி சாதாரணம், 23எஸ் நாலும் சுத்தம், பென்-ஏ மொசைக் இல்லை. பட்டியல் நீளத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். உண்மையில் பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோ மூன்றும் நாம் ஏற்கெனவே கைவிட்டவை. சாம்பல் கிட் இந்த ஆளுக்கு வேலை செய்ய வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று: பிளாஸ்மிட் எதுவுமில்லை, டெட்-எம் இல்லை, 23எஸ் கால்வாசித் துண்டுகளில் 2059 மாற்றம், பென்-ஏ 60.001. பட்டியல் சின்னது. ஆனால் இவருக்கு செஃபிக்சிம் கொடுத்தால் தீராது, அசித்ரோமைசின் கொடுத்தால் இருக்கிற ஒற்றைப் பிரதி நாலாகலாம். எத்தனை மரபணு என்று எண்ணுகிறவர் முதல் ஆளை ஆபத்தென்றும் இரண்டாவது ஆளைச் சாதாரணமென்றும் எழுதிவிடுவார்.

படி 11: மருத்துவருக்கு எழுதுவது

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் தனித்தனியாக இருக்கட்டும்: எந்தக் கணக்குப்படி எம்ஐசி எவ்வளவு, மரபணுவில் என்ன கண்டது, இரண்டும் ஒத்துப்போகிறதா. ஒத்துப்போகாவிட்டால் எம்ஐசியைத் திரும்பச் செய்யுங்கள், அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் கிருமியை மேல் மையத்துக்கு அனுப்புங்கள். அந்த மாதிரிக் கிருமிதான் விலைமதிப்பானது. ஒரு மருந்து 5 சதவீதத்துக்கு மேல் தோற்க ஆரம்பித்தால் பொதுச் சிகிச்சையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அந்தச் சதவீதத்தைக் கணக்கிட யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியது எளிது. கூட்டாளிக்கும் சேர்த்து மருந்து, அதுவரை உறவு வேண்டாம், தொண்டையில் இருந்தது என்றால் மறுபடி வந்து சோதனை. கணவரை அழைத்து வாருங்கள் என்று ஒரு அக்காவிடம் சொல்வது நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று கிளினிக் கவுன்சிலர்களுக்குத் தெரியும். அதை அவர்களிடம் விட்டுவிடுங்கள், லேபிலிருந்து போன் போக வேண்டாம். பெயர் சொல்லாமல் பேச வேண்டுமென்றால் 1097 இலவச எண் இருக்கிறது.

கடைசியாக, புதிய மருந்துகள். சோலிஃப்ளோடாசின் பிடிக்கும் இடம் ஜைர்-பி. கெப்போடிடாசின் ஜைர்-ஏவையும் பார்-சியையும் ஒருசேரப் பிடிக்கும். இரண்டும் வாய்வழி மருந்துகள், இரண்டுமே மூன்றாம் கட்டச் சோதனையைத் தாண்டியவை. இவை நம் மருந்துக்கடைக்கு வரும் முன்பே நீங்கள் பார்த்து வைக்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன: ஜைர்-பியில் 429, 450, பார்-சியில் 86. இந்த 86-ஆவது இடம் சிப்ரோ காலத்திலேயே பல கிருமிகளில் மாறிவிட்டது. அது மாறியிருந்தால் கெப்போடிடாசின் எதிர்ப்புக்குப் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று. ஆகவே பார்-சியை 'சிப்ரோவுக்குத்தானே, அதுதான் போய்விட்டதே' என்று ரிப்போர்ட்டிலிருந்து நீக்கிவிடாதீர்கள். 86-ல் அஸ்பார்டிக் அமிலமா, அஸ்பராஜினா என்று பதிவேட்டில் ஒரு நெடுவரிசை போட்டு, பழைய கிருமிகளுக்கும் சேர்த்து இப்போதே நிரப்பத் தொடங்குங்கள்.